ஒரு தட்டில் நால்வர்

முன்பின் அறியாத ஒரு தேசத்தின் உணவை முதன்முறையாக உண்ட அனுபவத்தைப் பற்றி இன்று உங்களோடு பேசப்போகிறேன். அரசாங்கப் பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம். பரீட்சையைப் பற்றிப் பேசலாம். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு என்ன தகுதி உண்டென்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். சமையற் கலையில் எனக்குள்ள தகுதி உண்பது ஒன்றே. ஆயினும், டில்லி மாநகரில் ஓர் இரவு நான் உண்ட காஷ்மீர தேசத்து உணவு, முப்பத்தேழு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாது வைத்திருந்த ஒரு பொய்யை என் வாயிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது. அதனாலேயே இப்பேச்சுக்கு உடன்பட்டேன்.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், இலங்கையின் பல மாவட்டங்களிலிருந்தும் சென்ற அதிபர்கள் சிலருடன், கல்வி சம்பந்தமான ஒரு பயிற்சிக்காக டில்லிக்குச் சென்றிருந்தேன். யாழ்ப்பாணத்தார் பிரயாணம் புறப்படும் விதம் உங்களுக்குத் தெரியும். பெட்டியில் புத்தகத்தை வைக்க மறந்தாலும் மறப்போம். கறித்தூளையும் தேசிக்காய் ஊறுகாயையும் மறக்கமாட்டோம். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பக்குவமாய் வறுத்து இடித்த அந்தத் தூளை விஞ்சிய சுவை உலகில் வேறெங்கும் இல்லை என்பது குடாநாட்டாராகிய எங்களின் உறுதியான நம்பிக்கை. நம்பிக்கை என்பதைக் காட்டிலும் கர்வம் என்றே சொல்லலாம்.

தங்குமிடத்தில் ஆறு நாளும் ரொட்டியும் பருப்பும் உருளைக்கிழங்குமாகக் கழிந்தன. அவை நல்ல உணவுகளே. ஆனால் சோற்றுக்குப் பழகிய வயிறு நியாயம் கேட்பதில்லை. எங்களுக்கு விரிவுரை நிகழ்த்தியவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார், காஷ்மீரத்துப் பண்டிதர். ஆறாம் நாள் என் முகத்தைப் பார்த்தவர், “சோற்றை நினைக்கிறீர்கள் போலும், நானும் சோறுண்ணும் இனத்தவன்தான். நாளை இரவு என்னோடு வாருங்கள்” என்றார்.

எனக்கு வியப்பு. வட இந்தியர் கோதுமை உண்பவர், தென்னிந்தியர் அரிசி உண்பவர் என்று பூமிசாத்திரத்தில் படித்து, அதையே பல ஆண்டுகள் மாணவருக்குப் படிப்பித்தும் வந்தவன் நான். இமயமலையின் மடியில், ஜீலம் நதி பாயும் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறதென்பதும், அங்குள்ளோருக்குச் சோறே பிரதான உணவென்பதும், சமைத்த சோற்றை அவர்கள் ‘பத்தா’ என்று அழைப்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

மறுநாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அன்று என்பதை விரல்விட்டு எண்ணி உறுதிசெய்துகொண்டேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாள்களிலும் மச்சமாமிசம் இல்லை. நாங்கள் நால்வர் புறப்பட்டோம்: அந்தப் பண்டிதர்; குருநாகலிலிருந்து வந்த சிங்கள அதிபர்; புத்தளத்திலிருந்து வந்த முஸ்லிம் அதிபர்; நான். தென்டில்லியில், கடைத்தெரு ஒன்றின் மாடியில் இருந்தது அந்தச் சிறிய உணவகம். மேசை நாற்காலிகளும் இருந்தன. ஆனால் ஒரு புறத்தே கம்பளம் விரித்து, நிலத்தில் அமர்ந்துண்ண வசதி செய்திருந்தார்கள். பண்டிதர் அங்கேயே எங்களை அமர்த்தினார்.

முதலில் ஓர் இளைஞன் செம்பினாற் செய்த கெண்டியொன்றையும் அகன்ற ஏந்துபாத்திரம் ஒன்றையும் கொண்டுவந்தான். விருந்தினர் எழுந்து செல்லவேண்டியதில்லை; இருந்த இடத்திலேயே அவன் நீர் வார்க்க, நாம் கைகழுவலாம். அதற்குத் ‘தஷ்த்-நாரி’ என்று பெயர். முன்னாளில் எங்கள் ஊர்க் கலியாண வீடுகளிலே செம்பில் தண்ணீருடன் வாசலில் நின்ற பெரியவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

அதன் பின்னர் வந்தது பெரிய வட்டத் தட்டு ஒன்று. செம்பினாலானது, ஈயம் பூசியது, மேலே கூம்பு வடிவான மூடி. அத்தட்டை ‘திராமி’ என்பார்கள். மூடியைத் திறந்ததும் வெண்சோற்றுக் குவியலிலிருந்து ஆவி எழுந்தது. சோற்றின்மேல் இறைச்சித் துண்டங்கள் நான்கு புறமும் சமமாய் அடுக்கப்பட்டிருந்தன. எங்களுக்குத் தனித்தனிக் கோப்பைகள் வருமென்று நான் காத்திருந்தேன். வரவில்லை. நால்வருக்கும் தட்டு ஒன்றே என்று பண்டிதர் சொன்னார். காஷ்மீரத்துக் கலியாண விருந்தாகிய ‘வாஸ்வான்’ அப்படித்தான் பரிமாறப்படுமாம். நால்வர் நான்கு திசையில் அமர்ந்து, தத்தம் பக்கத்தில் உள்ளதை வலக்கையால் எடுத்து உண்பார்கள்.

நேயர்களே, எச்சில் என்ற ஒரு சொல் நம்மிடையே எத்துணை வலிமையுடையதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாயில் முட்டாமல் அண்ணாந்து நீரருந்தப் பழக்கப்பட்டவர்கள் நாம். அண்ணன் கடித்த பணியாரத்தைத் தம்பிக்குக் கொடுக்காத வீடுகளும் உண்டு. என் கை மடியிலேயே இருந்தது. அதைக் கவனித்த புத்தளத்து அதிபர் மெல்லச் சிரித்து, “என்ன சேர், நீங்கள் ஒருநாளும் சஹனிலே சாப்பிட்டதில்லையோ?” என்று கேட்டார்.

சஹன் என்பது நம் நாட்டு முஸ்லிம் மக்களின் விருந்துத் தட்டு. அதைச் சுற்றி வழக்கமாக ஆறு பேர் அமர்ந்து உண்பார்கள். “ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன்” என்று சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. சொல்லாமலே சோற்றிற் கை வைத்தேன்.

இனி உணவைப் பற்றிச் சொல்கிறேன். வாஸ்வான் விருந்தைச் சமைப்பவர்களை ‘வாஸா’ என்பார்கள். தந்தையிடமிருந்து மகன் கற்றுவரும் தொழில் அது. ஸ்ரீநகரில் அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கு வாஸாபுரா என்றே பெயர். நிறைவான வாஸ்வானுக்கு முப்பத்தாறு வகை என்று மரபிலே கணக்குச் சொல்வார்கள். அவற்றிற் பெரும்பாலானவை செம்மறியாட்டு இறைச்சியால் ஆனவை. பழமரங்களின் விறகை எரித்து, செப்புப் பானைகளை வரிசையாக வைத்து, இரவிரவாகச் சமைப்பார்களாம். டில்லி மாடியில் விறகு ஏது? எங்களுக்குக் கிடைத்தவை ஏழெட்டு வகைகளே. ஆயினும் சமைத்தவர் வாஸாபுராவிலே பிறந்தவர்.

‘தபக் மாஸ்’ என்பது விலாவெலும்போடு கூடிய இறைச்சி; முதலில் வேகவைத்துப் பின்னர் நெய்யிற் பொரிப்பது. ‘ரிஸ்தா’ என்பது இறைச்சியைக் கல்லின்மேல் வைத்து மரச் சுத்தியலால் மசிய மசிய அடித்து, உருண்டையாகப் பிடித்துச் சிவந்த குழம்பிலே வேகவைப்பது. அந்தச் சிவப்பைக் கண்டதும் என் குடாநாட்டு நாக்கு எச்சரிக்கையடைந்தது. வாயிலிட்டால் உறைப்பு மிகச் சொற்பம்! அந்நிறத்தின் ஒரு பகுதி கோழிக்கொண்டைப் பூவின் சாற்றிலிருந்து வந்ததாம். மறுபகுதி காஷ்மீர மிளகாயிலிருந்து. அந்த மிளகாய் நிறத்தைத் தாராளமாகக் கொடுக்கும். உறைப்பைச் சிக்கனமாகவே கொடுக்கும்.

இவ்விடத்தில் மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. அது எங்களுக்கே உரிய பொருளென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாள்களில், மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டே எங்கள் கமக்காரர் கல்வீடு கட்டினார்கள். ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸின் பிரயாணத்துக்குப் பின்னர்க் கடல்கடந்து வந்தது. அதற்கு முன் எங்கள் கறிக்கும் உறைப்பு மிளகிலிருந்தே வந்தது. மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது. ஆகவே காஷ்மீரத்து மிளகாயும் சுன்னாகத்து மிளகாயும் ஒரே தாய்வீட்டிலிருந்து வெவ்வேறு திசைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சகோதரிகள். ஒருத்தி சாந்தமானாள், ஒருத்தி கோபக்காரியானாள்.

‘யக்னி’ என்றொரு வெள்ளைக் குழம்பு வந்தது. தயிரிற் பெருஞ்சீரகத் தூளும் உலர்ந்த புதினாவும் சேர்த்து இறைச்சியை வேகவைப்பது. எங்கள் ஊரிலே தேங்காய்ப்பால் செய்யும் வேலையை அவர்கள் ஊரிலே தயிர் செய்கிறது. அதைச் சோற்றிற் பிசைந்து உண்டபோது, எங்கள் சொதிக்கு மலைநாட்டிலே ஓர் உறவினன் இருப்பதை அறிந்தேன். பின்னர்த் தாமரைத் தண்டு வந்தது, ‘நத்ரு’ என்கிறார்கள். தால் ஏரி முதலிய நீர்நிலைகளிலிருந்து எடுப்பது. அதுவரையில் பேசாதிருந்த குருநாகல் அதிபர் முகமலர்ந்து, “இது எங்கள் நெலும் அல!” என்றார். குளங்கள் நிறைந்த அவருடைய ஊரிலும் அம்மா அதைச் சமைப்பாராம். அன்றிரவு எங்களுள் வீட்டு உணவைக் கண்ட முதல் மனிதர் அவரே.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பண்டிதர் சைவர், காஷ்மீரம் சைவ சித்தாந்தத்துக்குச் சகோதரமான ஒரு பெரும் சைவ தத்துவம் பிறந்த பூமி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அபிநவகுப்தர் வாழ்ந்த நாடு. எங்கள் ஊரிலோ சைவம் என்ற சொல் சமயத்தையும் குறிக்கும்; மரக்கறி உணவையும் குறிக்கும். ஆறுமுக நாவலரின் போதனை ஊறிய மண்ணல்லவா? “நீங்கள் இறைச்சி உண்பதுண்டா?” என்று தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். தங்கள் பண்டிதர் சமூகத்திலே பல குடும்பங்களில் சிவராத்திரியன்றே மீனும் இறைச்சியும் சமைப்பதுண்டென்றார். அப்பண்டிகைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஹேரத்’. வெங்காயமும் உள்ளியும் சேர்க்கமாட்டார்கள். பெருங்காயம், சுக்கு, பெருஞ்சீரகம் இவையே அவர்களின் சம்பாரம். நான் சிவராத்திரிக்கு நீரும் அருந்தாது கண்விழிப்பவன். அவரும் நானும் வணங்கும் கடவுள் ஒருவரே. வெங்காயத்தை விலக்கி இறைச்சியை ஏற்ற சைவர் அவர். இறைச்சியை விலக்கி வெங்காயத்தை ஏற்ற சைவர் எங்கள் முன்னோர். ஆசாரம் என்பது எவ்வளவுக்கு ஊரோடு கட்டுப்பட்டதென்பதை ஐம்பது வயதுக்குமேல் நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு சாப்பாட்டுக் கடை.

கடைசியாக ‘கோஷ்தாபா’ வந்தது. அடித்த இறைச்சியைப் பெரிய உருண்டையாக்கித் தயிர்க் குழம்பில் வேகவைத்தது. வாஸ்வானில் அதற்குப் பின் வேறு இறைச்சி இல்லை; விருந்து நிறைவெய்தியதென்பதற்கு அதுவே அடையாளம். அதனைப் பரிமாறியபோது பண்டிதர் தாமாகவே பேசத் தொடங்கினார்.

“இந்தத் தட்டை மிகவும் உயர்வாக எண்ணிவிடாதீர்கள். என் பாட்டனார் காலத்தில் பண்டிதர்களும் முஸ்லிம்களும் ஒரு திராமியில் அமரமாட்டார்கள். அயலிலே முஸ்லிம் வீட்டுக் கலியாணமானால் எங்களுக்கென்று வேறு சமையற்காரரை அழைத்து வேறாகச் சமைப்பார்கள். ஆனாலும் அழைப்பார்கள், நாங்களும் போவோம். ஹேரத்துக்கு மறுநாள் அவர்கள் வாழ்த்துச் சொல்ல வருவார்கள். பூசையில் வைத்த ஊறிய அக்ரூட் பருப்பை நாங்கள் வீடு வீடாகக் கொடுப்போம். தட்டு வேறாயிருந்தது, தெரு ஒன்றாயிருந்தது. 1990இன் குளிர்காலத்தில் அந்தத் தெருவும் போயிற்று.”

1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆயுதக் கிளர்ச்சியும் கொலைகளும் மூண்ட நிலையில், காஷ்மீரப் பண்டிதர்களில் மிகப் பெரும்பாலோர் உயிருக்கஞ்சிப் பள்ளத்தாக்கை விட்டு ஜம்முவுக்கும் டில்லிக்கும் சென்றார்கள். எங்கள் பண்டிதரும் அவர்களுள் ஒருவர். அங்கேயே தங்கிய மக்களும் பின்னர்ப் பல ஆண்டுகள் பெருந்துன்பம் அனுபவித்தார்கள். “மாதத்தில் ஒருநாள் இங்கே வருவேன்” என்றார் அவர். “பாதி, இந்தச் சாப்பாட்டுக்காக. மறுபாதி, சமையற்காரரோடு ஒரு மணி நேரம் எங்கள் பாஷையிற் பேசுவதற்காக.”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்பு புத்தளத்து அதிபர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “எங்களுக்கும் அதே ஆண்டுதான். எனக்கு அப்போது பத்து வயது. சோனகத்தெருவிலே எங்கள் வீடு. ஒலிபெருக்கியில் அழைத்தபோது உம்மா உலையில் அரிசி போட்டிருந்தார். அந்த உலையை யார் இறக்கினார்களோ என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.”

அவர் யாழ்ப்பாணத்தவர் என்பது அந்நிமிடம்வரை எனக்குத் தெரியாது. ஏழு நாள் ஒன்றாகத் தங்கியும் நான் கேட்கவில்லை. புத்தளத்தார் என்ற அளவிலே என் விசாரணை நின்றுவிட்டது.

அந்த நாளை இளைய தலைமுறையினருக்காகச் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரும், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30ஆந் திகதி நிகழ்ந்தது. அன்று குடாநாட்டைத் தம் ஆணையின்கீழ் வைத்திருந்த ஆயுதந் தாங்கியோர் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, தமிழிலே படித்து, எங்களுக்கு உடுப்புத் தைத்தும் இரும்பும் இறைச்சியும் விற்றும் வாழ்ந்த மக்கள், உடுத்த துணியோடு தெற்கு நோக்கிப் போனார்கள். பலர் புத்தளத்தை அடைந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், அதே ஒக்டோபர் 30ஆந் திகதி, 1995இல், வலிகாமத்து மக்களாகிய நாங்களும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அன்றிரவு மழையில் நின்றபோது எங்களுக்குச் சோனகத்தெரு நினைவு வந்திருக்கவேண்டும். பலருக்கு வரவில்லை. எனக்கு வந்தது, வந்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பண்டிதர் எனக்கென்று ‘நூன் சாய்’ தருவித்தார். நூன் என்றால் அவர்கள் மொழியில் உப்பு. பச்சைத் தேயிலையை அப்பச் சோடாவோடு நெடுநேரம் கொதிக்கவைத்துப் பாலும் உப்பும் சேர்க்கும் தேநீர், நிறம் இளஞ்சிவப்பு. தேநீரில் உப்பா என்று முகஞ்சுளித்தபடியே ஒரு மிடறு அருந்தினேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமென்று சிறுவயதிலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த உப்பு நாவில் இருக்கும்போது இனியும் மறைக்க முடியாதென்று தோன்றிற்று. அந்த ஒரு தடவை எதுவென்பதை அவர்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன், தன் அக்காவின் கலியாணத்துக்கு என்னைச் சோனகத்தெருவிலுள்ள வீட்டுக்கு அழைத்தான். சஹன் வைத்தார்கள். ஆறு பையன்கள் சுற்றியிருந்தோம். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்க் கறி, அச்சாறு; முடிவில் வட்டிலப்பம். அவனுடைய உம்மா கதவருகில் நின்று, “மகன், கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ” என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. சாப்பிட்டு முடிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன்: மற்றச் சஹன்கள் எல்லாவற்றிலும் மாட்டிறைச்சி இருந்தது, எங்களுடையதில் மட்டும் இல்லை. ஒரு சைவப் பையன் அமர்ந்திருந்தமையால், மற்ற ஐவரும் அதை விட்டுவிட்டு உண்டிருந்தார்கள். எவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா கேட்டார்: “தம்பி, அங்கை சாப்பிட்டனியோ?” நான் சொன்னேன்: “இல்லை அம்மம்மா, சோடா மட்டுந்தான் குடிச்சனான்.” என் நண்பன் என் பின்னே படலையிலே நின்றான், நான் மறந்துவிட்டு வந்த புத்தகத்தைக் கொடுப்பதற்காகச் சைக்கிளில் வந்திருந்தான். அவன் அதைக் கேட்டான். புத்தகத்தைத் தந்தான். சிரித்துவிட்டுப் போனான். அதன் பின்னும் நாங்கள் நண்பர்களாகவே இருந்தோம். ஆனால் அவன் மீண்டும் என்னைச் சாப்பிட அழைக்கவில்லை. நானும் அவனை அழைக்கவில்லை.

1990இல் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு எட்டியபோது நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். பயம் உண்மையானது, துப்பாக்கியின் முன் தனிமனிதன் என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கலாம். என்னையே நானும் அப்படித்தான் சமாதானப்படுத்திவந்தேன். ஆனால் 1986இல் எவரும் துப்பாக்கியோடு நிற்கவில்லை. அன்று நான் சொன்ன பொய்க்கு என் கோழைத்தனமன்றி வேறு காரணம் இல்லை. தேநீர்க் கடைகளிலே சில மனிதருக்கென்று வேறு கிளாசும் வேறு இடமும் வைத்திருந்த ஊர் எங்களது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தும் போதாமல், 1966 முதல் நடந்த போராட்டங்களுக்குப் பின்னரே அந்தக் கிளாசுகள் மெல்ல மறைந்தன. கிளாசு கடையிலிருந்து போயிற்று. மனத்தின் ஒரு மூலையிலே இருந்தது. அந்த மூலையிலிருந்துதான் என் பொய் வந்தது. ஒருவர் வீட்டில் உண்டதை ஒப்புக்கொள்ள நாணுகிறவன், அவர் வீடே பறிபோகும்போது வாய்திறப்பான் என்று எப்படி எதிர்பார்க்கலாம்?

நான் சொல்லி முடித்ததும் புத்தளத்து அதிபர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, தேற்றவுமில்லை. நண்பனுடைய குடும்பத்தின் பெயரைச் சொல்லி, தெரியுமோ என்று விசாரித்தேன். புத்தளத்துக்கு வந்தவர்கள், பின்னர் எங்கே போனார்களோ தெரியாது என்றார். சற்றுப் பொறுத்து, தட்டில் எஞ்சியிருந்த கோஷ்தாபாவில் ஒரு துண்டைப் பிரித்து என் பக்கத்துச் சோற்றில் வைத்தார். நான் அதை உண்டேன்.

2024ஆம் ஆண்டு தை மாதம் அவர் தம் மனைவி மக்களோடு சோனகத்தெருவைப் பார்க்க வந்தார். அன்று எங்கள் வீட்டிற்கும் வந்தார். ஒடியற் கூழ் காய்ச்சினோம். ஒடியல் மாவும் மீனும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒரே பானையில் வேகும் எங்கள் ஊர்க் கூழைவிட விருந்தினருக்குக் கொடுக்கச் சிறந்தது எது? நண்டு போடலாமோ என்று என் மனைவி இரண்டு நாள் முன்னதாகவே தொலைபேசியிற் கேட்டறிந்தாள். அவருடைய மனைவி உண்பதில்லை என்று தெரிந்ததும் பானை முழுவதிலும் நண்டு போடாமல் விட்டுவிட்டாள். அதைப் பற்றி நாங்களும் பேசவில்லை. பனையோலைப் பிளாவைக் கையில் ஏந்தி, அம்மம்மாவின் படத்துக்குக் கீழே, நிலத்தில் வட்டமாக இருந்து குடித்தோம். அவருடைய சின்ன மகள் உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டாள். ஆனாலும் இன்னும் ஒரு பிளா கேட்டாள்.

நேயர்களே, காஷ்மீரத்து உணவைப் பற்றிப் பேச வந்து வேறெதையோ பேசிவிட்டேனென்று நீங்கள் கருதினால் மன்னிக்கவேண்டும். அந்த உணவு மிக நன்றாக இருந்தது. வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் உண்டு பாருங்கள். யக்னியை முதலில் உண்ணுங்கள்.

நேரம் முடிகிறது. கடைசி ஒரு வார்த்தை உங்களெல்லோருக்கும் உரியதன்று. வானொலி எங்கெல்லாமோ கேட்கிறது, எவரெவரோ கேட்கிறார்கள். ஆகையால் சொல்கிறேன். நண்பா, நீ எங்கே இருந்தாலும் இதைக் கேட்பாயாயின் அறிந்துகொள். அன்று உன் அக்காவின் கலியாணத்தில் நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.